ஹேட்ரியன் சுவரில் மூன்று நாள் நடை: மழையோடு பார்த்தால்தான் புரிகிறது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் வின்டோலாண்டாவுக்குப் போங்கள். அந்தக் கோட்டை சுவரை ஒட்டிக்கூட இல்லை, கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறது, இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும், காரணம் கீழே வருகிறது. இரண்டு நாள் என்றால் அதோடு ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரை பாறை முகட்டில் நடங்கள். மூன்று நாள் கிடைத்தால் எங்களைப் போலச் செஸ்டர்ஸில் தொடங்கி பேர்டோஸ்வால்டில் முடியுங்கள். அப்புறம் இன்னொன்று, வானிலை அறிக்கையில் மழைப் படம் போட்டிருக்கிறது என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மழை இல்லாமல் பார்த்திருந்தால் எனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்காது.

போனது நானும் அக்காவும், மே மாத நடுவில். அக்காவுக்கு 58 வயது, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள், முழங்கால் கொஞ்சம் தகராறு, ஆனால் நடக்கச் சளைக்காதவள். முழுப் பாதை கிழக்கே வால்ஸெண்டிலிருந்து மேற்கே போனஸ் ஆன் சால்வே வரை 135 கிலோமீட்டர், ஒரு வாரமாவது வேண்டும். எங்களிடம் மூன்று நாள்தான் இருந்தது, அதனால் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுவர் நன்றாக மிஞ்சியிருப்பதும் அங்கேதான், பாறை முகடு வருவதும் அங்கேதான், எனவே எதையோ இழந்துவிட்டோம் என்ற எண்ணம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த 122ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய கட்டுமானம் இது. கடலுக்குக் கடல் சுமார் 117 கிலோமீட்டர், ரோமானிய அளவில் 80 மைல். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு குட்டிக் கோட்டை, இரண்டு குட்டிக் கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் மேடைகள், வடக்குப் பக்கம் அகழி, தெற்குப் பக்கம் இரு கரையோடு இன்னொரு பெரிய பள்ளம். கட்டியது லீஜியன் எனப்படும் பெரிய ரோமானியப் படைப்பிரிவுகள் மூன்று. காவலுக்கு நின்றவர்கள் இத்தாலிக்காரர்கள் இல்லை, பெரும்பாலும் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், சிரியா பக்கத்து ஆட்கள். இது மட்டும் தெரிந்தால் போதும், மீதியைப் போகிற வழியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நியூகாசிலிலிருந்து ரயிலில் ஹெக்ஸம், அங்கிருந்து ஏடி122 பஸ். பஸ்ஸின் எண்ணே சுவர் தொடங்கிய ஆண்டுதான், அதைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பஸ் கோட்டைகளை எல்லாம் வரிசையாகத் தொட்டுக்கொண்டு ஹால்ட்விசில் வரை போகிறது. கார் இல்லாமல் போகிறவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஆனால் ஆண்டு முழுக்க ஓடாது, ஒரு நாளைக்கு ஓடுகிற நடைகளும் குறைவு, அதனால் நேர அட்டவணையைக் கைபேசியில் படமாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பகுதியில் சிக்னல் வரும், போகும்.

முதல் நாள் காலை செஸ்டர்ஸில் நல்ல வெயில். குதிரைப் படைக்கான கோட்டை அது, ஐநூறு பேர் அளவு, ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பக்கத்துக் குதிரை வீரர்கள் நெடுங்காலம் இருந்திருக்கிறார்கள். நார்த் டைன் ஆற்றங்கரையில் அவர்கள் குளித்த குளியல் கூடம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. உடை மாற்றும் அறையில் வரிசையாக ஏழு மாடங்கள், நம் ஊர்ப் பழைய வீட்டில் விளக்கு மாடம் இருக்குமே, அதைப் பெரிதாக்கின மாதிரி. வெந்நீர் அறை, வெதுவெதுப்பு அறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகலாம். வெயிலில் பார்க்கும்போது ஆற்றங்கரையில் சுகமாக வாழ்ந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அன்று மாலையே அந்த எண்ணம் மாறியது, அது வேறு கதை.

செஸ்டர்ஸில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1896இல் திறந்த அதே பாணியில், கல்லெல்லாம் அலமாரி அலமாரியாக நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். இந்த நிலத்தின் சொந்தக்காரர் ஜான் கிளேட்டன், நியூகாசிலில் நகரச் செயலாளராக இருந்தவர், 1890இல் 98 வயதில் இறந்தார். ஊர்க்காரர்கள் சுவரின் கல்லைப் பெயர்த்து வீடும் வேலியும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி அந்த வேலையை நிறுத்தியவர். விழுந்த கற்களை எடுத்துச் சாந்து இல்லாமல் அடுக்கி, மேலே புல் பத்தை போட்டு மூடி வைத்தார். இன்று படங்களில் நாம் பார்க்கும் சுவரில் பெரும்பகுதி அவர் ஆட்கள் அடுக்கியது. அதனால் இது அசல் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இல்லையென்றால் அந்த இடத்தில் இன்று ஆட்டுப்பட்டி இருந்திருக்கும்.

செஸ்டர்ஸிலிருந்து மேற்கே நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், வானம் ஒரே பக்கமாகக் கறுத்தது. இங்கே மேகம் பெரும்பாலும் நீங்கள் போகிற திசையிலிருந்துதான் வருகிறது, அதாவது மேற்கிலிருந்து, முகத்துக்கு நேராக. லைம்ஸ்டோன் கார்னர் என்ற மேட்டுக்கு வரும்போது ஆலங்கட்டி. மே மாதத்தில். பத்து நிமிடம் கொட்டிவிட்டு நின்றது, உடனே வெயில், புல்லெல்லாம் ஆவி. அந்த மேட்டில் வடக்கு அகழியை வெட்ட முயன்று பாதியில் விட்டிருக்கிறார்கள். பாறை அவ்வளவு கடினம். உளி வைத்துப் பிளக்க வெட்டிய துளைகள் பெரிய பாறை ஒன்றில் வரிசையாக இன்னும் தெரிகின்றன, பிளக்காமலே. 1,900 ஆண்டுகளாக அந்தப் பாறை அகழிக்குள்ளேயே கிடக்கிறது. ஈரத்தில் அந்தத் துளைகளில் தண்ணீர் தேங்கி மின்னியதால்தான் கண்ணில் பட்டது, காய்ந்த நாளில் கவனிக்காமல் தாண்டியிருப்போம்.

அடுத்தது காரபர்க்கில், ரோமானியப் படைவீரர்கள் வணங்கிய மித்ரஸ் என்ற தெய்வத்தின் கோயில். டிக்கெட் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது, ஆடு மேயும் புல்வெளியின் சரிவில் ஒரு சின்னக் கல் அறை. 1949இல் கோடை வறட்சியில் நிலம் வற்றியபோது பலிபீடத்தின் தலை வெளியே தெரிந்து, பிறகு தோண்டினார்கள். அசல் பீடங்கள் நியூகாசிலில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இங்கே நிற்பவை நகல்கள். தாழ்ந்த சதுப்பு என்பதால் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பீடத்தின் மேல் யாரோ சில்லறைக் காசும் ஒரு காட்டுப் பூவும் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கொவெண்டினா என்ற நீர்த் தேவதையின் ஊற்று. 1876இல் அதைத் தோண்டியபோது பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் காசுகள் கிடைத்தன. இன்று வேலிக்குப் பின்னால் வெறும் நாணல்தான். ஊற்றில் காசு போடும் பழக்கம் மட்டும் பக்கத்துக் கோயிலுக்கு இடம் மாறி இன்னும் ஓடுகிறது.

சூயிங்ஷீல்ட்ஸ் முகட்டில் காற்று. அதைப் பற்றி ரொம்ப எழுத ஒன்றுமில்லை, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், பேசினால் காதில் விழவில்லை. நாலு மணி வாக்கில் ஹவுஸ்டெட்ஸ் வந்து சேர்ந்தோம், அதே நேரம் உண்மையான மழை.

ஹவுஸ்டெட்ஸ்தான் எல்லாரும் போகிற கோட்டை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஏற்றம், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ எண்ணூறு பேர் இருந்த கோட்டை, பிற்காலத்தில் துங்ரியர் படை, இன்றைய பெல்ஜியத்தின் டோங்கரன் பக்கத்தவர்கள். மழையில் பார்த்ததால் எங்கள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர் ஓடும் பாதை. முகட்டில் ஊற்றோ கிணறோ இல்லை. கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடிக்கக் கல் தொட்டிகள், பலகைக் கல்லை ஈயம் ஊற்றி இணைத்தவை. கோட்டையின் மிகத் தாழ்ந்த தென்கிழக்கு மூலையில் கழிப்பறை. மேலே பெய்கிற மழையெல்லாம் சரிவில் இறங்கித் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து கழிப்பறைக் கால்வாயில் பாய்ந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு கோட்டைக்கு வெளியே போய்விடும். ரோமானிய பிரிட்டனில் இவ்வளவு முழுசாக மிஞ்சிய கழிப்பறை வேறில்லை என்கிறார்கள். காய்ந்த நாளில் அது பள்ளத்தில் கிடக்கும் கல்தான். அன்று சரிவில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி அந்த மூலைக்கே போய்ச் சேர்ந்ததை நின்று பார்த்தோம். கட்டியவனின் கணக்கு இன்னும் சரியாக வேலை செய்கிறது.

தானியக் கிடங்கும் அப்படித்தான். தரைக்கு அடியில் குட்டிக் குட்டிக் கல் தூண்கள், அதன் மேல்தான் தளம், அடியில் காற்றோட்டம் இருந்தால்தான் கோதுமை பூசணம் பிடிக்காது. நம் ஊரில் நெல் சேமிக்கும் குதிர்களை உயர்த்திக் கட்டுகிற அதே காரணம்.

ஹவுஸ்டெட்ஸ் அருங்காட்சியகம் சின்னது, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு சிற்பம் இருக்கிறது, மூன்று குட்டித் தெய்வங்கள், மூவரும் தலையோடு மூடிய கனத்த அங்கி, முழங்காலுக்குக் கீழ் வரை. அப்பட்டமாக மழைச்சட்டை போட்ட சாமிகள். தண்ணீர் சொட்டச் சொட்ட, எங்கள் தலைமூடியை இன்னும் கழற்றாமல் அவர்களுக்கு எதிரே நின்றோம். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், இவங்களுக்கு இந்த ஊர் தெரியும்டா" என்றாள்.

அங்கிருந்து கடைசிப் பஸ்ஸில் ஒன்ஸ் ப்ரூட் போனோம். இங்கேதான் இந்தப் பயணத்தின் ஒரே மோசமான அனுபவம், அதையும் எழுதத்தான் வேண்டும். பெரிய பைகளைத் தினமும் ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவைகள் இந்தப் பாதையில் நிறைய இருக்கின்றன, நாங்களும் ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தோம். பெயர் வேண்டாம். எங்கள் பையை வேறு ஊர் விடுதியில் இறக்கிவிட்டார்கள், போன் எடுக்கவில்லை, கடைசியில் இரவு ஒன்பது மணிக்குப் பை வந்தது. நான்கு மணி நேரம் நனைந்த காலுறையோடு உட்கார்ந்திருந்தோம். விடுதிக்காரம்மா தன் துண்டையும் ஹீட்டர் அறையையும் கொடுத்ததால் அக்கா நடுங்காமல் இருந்தாள். எனவே என் அறிவுரை: பையை அனுப்புங்கள், அது தோளுக்கு நல்லதுதான், ஆனால் ஒரு ஜோடி காலுறை, ஒரு பனியன், மருந்து மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை வின்டோலாண்டா, விடாத மழை.

சுவர் கட்டுவதற்கு முன்பே, சுமார் 85ஆம் ஆண்டில், இங்கே முதல் கோட்டை வந்துவிட்டது. பிறகு குறைந்தது ஒன்பது கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. புதுப் படை வரும்போது பழைய மரக் கட்டடத்தை இடித்து, களிமண்ணும் புல் பத்தையும் பரப்பி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். ஈர நிலம், மேலே களிமண் மூடி, உள்ளே காற்றுப் புகவில்லை. அதனால் மற்ற இடங்களில் மக்கிப்போகிற மரம், தோல், துணி எல்லாம் இங்கே அப்படியே கிடந்தன. ஆயிரக்கணக்கான செருப்புகளும் காலணிகளும் கிடைத்திருக்கின்றன, குழந்தைக் காலணி உட்பட. குத்துச்சண்டைக் கையுறை, மரத்தாலான கழிப்பறை இருக்கை, பெண் வைத்திருந்த சீப்பு. ஹவுஸ்டெட்ஸ் கட்டடத்தைக் காட்டுகிறது, வின்டோலாண்டா ஆட்களைக் காட்டுகிறது. ஒரே நாள்தான் என்றால் இங்கே போங்கள் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் மர ஏடுகள். 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி தோண்டும்போது முதலில் கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, மரத்தை மெல்லியதாகச் சீவி, அதன் மேல் கரி மையால் எழுத்து. இதுவரை கிடைத்தவை ஆயிரத்தைத் தாண்டும். பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, சில இங்கே இருட்டறை ஒன்றில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எழுத்து லேசாகத்தான் தெரியும், அகச்சிவப்புப் படத்தில் பார்த்தால்தான் படிக்க வரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் பழுப்புச் செதில் என்று தாண்டிவிடுவீர்கள்.

அவற்றில் என்னதான் எழுதியிருக்கிறார்கள்? யாரோ ஒருவருக்குக் காலுறை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியதாக ஒரு கடிதம். முந்தின இரவு ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது, மிகைப்படுத்தவில்லை. ஆக்டேவியஸ் என்ற வியாபாரி எழுதிய இன்னொன்று, கேட்டரிக்கில் கிடக்கும் தோல்களை நானே போய் எடுத்திருப்பேன், பாதை மோசமாக இருக்கிறது, மாடுகளை வருத்த விருப்பமில்லை என்கிறார். மாஸ்க்ளஸ் என்ற படைத் தலைவர் தன் ஆட்களுக்கு பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். ஒரு படை இருப்புக் கணக்கில், துங்ரியர் படையின் மொத்தம் 752 பேர், அவர்களில் வின்டோலாண்டாவில் இருந்தவர்கள் 296, அதிலும் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் 31: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் வீக்கம் 10. அந்தப் பத்துப் பேரின் கண்வலியை ஒரு எழுத்தர் உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்கிறார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்றும் புகையும் ஈரமும் நிறைந்த மரக் குடிசையில் பத்துப் பேருக்குக் கண் வீங்கியிருந்தது என்பதை நம்ப எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அப்புறம் கிளாடியா செவேரா. பக்கத்துக் கோட்டைத் தளபதியின் மனைவி, வின்டோலாண்டாத் தளபதி செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெபிடினாவுக்குச் சுமார் 100ஆம் ஆண்டில் எழுதிய அழைப்பு. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்கு அந்த நாள் இனிக்கும் என்கிறாள். கடிதத்தின் பெரும்பகுதியை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார், கடைசி வரிகள் மட்டும் அவள் கையெழுத்து, சகோதரி, என் உயிரே என்று விளித்து. ஒரு பெண் தன் கையாலேயே எழுதியதாக நமக்குத் தெரிந்த லத்தீன் எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. அக்கா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள், நான் கூப்பிடவில்லை.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு ஏடும் உண்டு. அது அன்று எங்கள் கண்ணில் படவில்லை, ஆனால் அக்காவுக்கு முன்பே தெரியும். வீரர்கள் வாங்கிய சாமான் கணக்கு அது, அதில் கம்பாக்ஸ் என்ற ஆள் இரண்டு டெனாரியஸுக்கு, அதாவது இரண்டு ரோமானிய வெள்ளிக் காசுக்கு, மிளகு வாங்கியதாக ஒரு வரி. அந்தக் காலத்தில் ரோமானியர்களுக்குக் கருமிளகு போனது நம் மேற்குக் கரையிலிருந்து, சேரர்களின் முசிறித் துறைமுகம் வழியாக. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல் சொல்கிறது. அந்த மிளகு செங்கடல் தாண்டி, எகிப்து தாண்டி, ரோம் தாண்டி, இந்த நனைந்த களிமண் மேட்டில் ஒரு சாதாரணச் சிப்பாயின் கூழில் போய் விழுந்திருக்கிறது. அருங்காட்சியக உணவகத்தில் சூப்புக்கு மேல் மிளகுத்தூளைத் தூவும்போது அக்கா இதைச் சொன்னாள், எனக்கு மெய்சிலிர்த்தது.

வின்டோலாண்டாவில் கோடைக்காலம் முழுக்கத் தோண்டுகிறார்கள், தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும். நாங்கள் போனபோது மஞ்சள் மழைச்சட்டையில் ஏழெட்டுப் பேர் சேற்றில் முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்கலாம், நிதானமாகப் பதில் சொல்கிறார்கள். நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கோட்டைக்குப் பக்கத்து வழியில் ஒரு ரோமானிய மைல்கல் நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது, திரும்பும்போது அதையும் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு யாரோ சுவிட்சைத் தட்டின மாதிரி மழை நின்றது. ஸ்டீல் ரிக் போய் முகட்டில் ஏறினோம். வின் சில் என்று இந்தப் பாறைக்குப் பெயர், உருகிய குழம்பு பூமிக்கு அடியில் தகடாகப் பரவி இறுகியது, வடக்குப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. அந்த விளிம்பிலேயே சுவர் ஏறி இறங்கி ஓடுகிறது. கீழே கிராக் லாக் ஏரி. ஒரு மேகம் ஏரிக்கு மேல் கடந்தபோது தண்ணீர் ஈயமாகவும், அடுத்த நிமிடம் நீலமாகவும் மாறியது. நடுப்பகுதியில் ஒரு நாள் மட்டும் நடக்கிறவர்கள் இந்த ஐந்து கிலோமீட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பீல் கிராக்ஸ் படிக்கட்டு ஈரத்தில் வழுக்கும், உண்மையிலேயே வழுக்கும். ஊன்றுகோல் இல்லாமல் அக்காவை அங்கே இறங்க விட்டிருக்க மாட்டேன். சாதாரண ஓட்டக் காலணியில் வந்த இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தே இறங்கினார்கள்.

சிகமோர் கேப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இரண்டு மேடுகளுக்கு நடுவே தனியாக நின்ற அந்த மரத்தை 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அறுத்துத் தள்ளினார்கள், அதைச் செய்த இருவருக்கும் 2025இல் சிறைத் தண்டனை கிடைத்தது. இப்போது பள்ளத்தில் அடிக்கட்டை மட்டும், வேலி போட்டுக் காத்து வருகிறார்கள், அதிலிருந்து துளிர் வந்திருக்கிறது. படம் எடுக்கும் இடம் போய்விட்டதே என்று போகாமல் இருக்காதீர்கள். அங்கே நின்றவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

ஒரு வேண்டுகோள்: சுவர் மேல் ஏறி நடக்காதீர்கள். ஹவுஸ்டெட்ஸை ஒட்டிய மரக்கூட்டத்துக்குள் ஒரு சின்னப் பகுதியில் மட்டும்தான் அதற்கு அனுமதி. புல்வெளியிலும் ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் போகாமல் பக்கம் பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள், ஈர நிலத்தில் ஒரே தடம் விழுந்தால் அது வாய்க்காலாகி, அடியில் புதைந்திருப்பதை அரித்துவிடும்.

மூன்றாம் நாள் நீளம், சுமார் 16 கிலோமீட்டர், காலையில் மூடுபனி. வின்ஷீல்ட்ஸ் உச்சி 345 மீட்டர், மொத்தச் சுவரிலும் உயரமான இடம், எங்களுக்கு அங்கே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆட்டின் இருமல் கேட்டது. வடக்கே பார்த்துக்கொண்டு காவல் நின்றவனுக்குப் பல நாள் இப்படித்தான் விடிந்திருக்கும். காஃபீல்ட்ஸில் பனி கலைந்தபோது சுவர் நேராக ஒரு குளத்தின் விளிம்பில் வந்து அறுந்து நின்றது. கல் உடைக்கிற குவாரி, மேட்டையும் சுவரையும் சேர்த்தே தின்றிருக்கிறது. வால்டவுனிலும் அதே கதை. வயிறு எரிகிறது. ரோமன் ஆர்மி மியூசியம் அங்கே பக்கத்தில்தான், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது, பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். வின்டோலாண்டாவை நடத்தும் அதே அறக்கட்டளை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குவதே லாபம். செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், பேர்டோஸ்வால்ட் மூன்றையும் நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் ஒரு பாஸ் விற்கிறார்கள், மூன்று இடம் போகிறீர்களென்றால் அதை விசாரியுங்கள். வழியில் உள்ள குட்டிக் கோட்டைகளும் சுவரும் இலவசம்.

கில்ஸ்லாண்டில் ரயில் பாதையை ஒட்டி ஒரு குட்டிக் கோட்டை, மூலையில் சில படிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் படிகளின் சாய்வை மேலே நீட்டிக் கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்துச் சுவரின் உயரத்தை ஊகித்தார்களாம். அதைத் தாண்டி வில்லோஃபோர்டில், அகலமாகப் போட்ட அடித்தளத்தின் மேல் ஒடுக்கமான சுவர். கட்டும்போதே நடுவில் திட்டம் மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றுப் பாலத்தின் கல் தாங்கி இன்று வயல் நடுவே நிற்கிறது, இர்திங் ஆறு அதைவிட்டு மேற்கே நகர்ந்துவிட்டது. புது இரும்புப் பாலத்தில் ஆற்றைக் கடந்து ஏறினால் பேர்டோஸ்வால்ட்.

அங்கே தேநீர்க் கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம், கேக் அருமை. தானியக் கிடங்குகளில் ஒன்றில் பருத்த மரக் கட்டைகளை வரிசையாக நட்டு அடையாளம் காட்டியிருக்கிறார்கள். ரோமின் ஆட்சி இங்கே முடிந்த பிறகு, அந்த இடத்திலேயே யாரோ பெரிய மரக் கூடம் ஒன்று கட்டி வாழ்ந்திருக்கிறார்கள், அதன் தூண்கள் நின்ற இடங்கள் அவை. சம்பளம் வருவது நின்ற பிறகும் கிளம்பிப் போகாதவர்கள். அக்கா ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, காய்ந்த காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள், மறுபடி தூறல் ஆரம்பித்தது.

சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், வின்டோலாண்டாவுக்கு ஐந்துக்கு ஐந்து, பாறை முகட்டுக்கு ஐந்து, ஹவுஸ்டெட்ஸுக்கு மழை பெய்தால் ஐந்து வெயிலடித்தால் நான்கு, பஸ்ஸுக்கு நான்கு. பை தூக்கிய சேவைக்கு ஒன்றுகூட இல்லை. அக்கா ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே அடுத்த ஆண்டு செப்டம்பர் 11க்கு வின்டோலாண்டா பக்கம் அறை தேட ஆரம்பித்துவிட்டாள், கிளாடியாவின் பிறந்தநாளுக்கு யாராவது வர வேண்டாமா என்று கேட்டாள். நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.